வலி எங்கே இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வருடமாக எனக்கு இடுப்பு வலி. இந்த மூன்று வருடத்தில் தைலம் தேய்த்ததைவிட வலியைப் பற்றிப் படித்ததுதான் அதிகம். படித்ததை வீட்டில் உளறப் போய், சித்தப்பா ஒரு கேள்வி, எதிர் வீட்டு அக்கா ஒரு கேள்வி, ஆபீஸில் பக்கத்து சீட்காரர் நாலு கேள்வி என்று சேர்ந்துகொண்டே போகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே. நான் டாக்டர் இல்லை, இதை வைத்துக்கொண்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம்.

வலி உடம்பில் இருக்கிறதா, மூளையில் இருக்கிறதா?

1995-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு குட்டிக் குறிப்பு வந்தது. 29 வயது கட்டடத் தொழிலாளி ஒருவர் மேலிருந்து குதித்தவர், நேராக 15 சென்டிமீட்டர் ஆணி மேல் இறங்கிவிட்டார். ஆணி பூட்ஸுக்குள் ஏறிவிட்டது. அது துளி அசைந்தாலும் அவருக்கு உயிர் போகிறது. ஃபென்டனில் என்ற வீரியமான வலி மருந்தும் கூடவே மயக்கம் தரும் மருந்தும் கொடுத்த பிறகுதான் ஆணியை உருவ முடிந்தது. அப்புறம் பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால், காலில் ஒரு கீறல்கூட இல்லை. ஆணி இரண்டு விரலுக்கு நடுவே புகுந்து போயிருக்கிறது!

அந்த ஆள் நடித்தார் என்று நினைத்தால் தப்பு. அவருக்கு வலித்தது, நிஜமாகவே வலித்தது. கண் பார்த்ததையும், ஆணி மேல் குதித்தால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே தெரிந்ததையும் சேர்த்து மூளை ஒரு முடிவுக்கு வந்துவிட்டது, அந்த முடிவுக்குப் பெயர்தான் வலி. காலிலிருந்து மூளைக்குப் போவது சேதி மட்டும்தான். "இங்கே அழுத்தம் அதிகம், இங்கே சூடு அதிகம்" என்கிற தகவல். அது வலியாக மாறுவது மேலே போன பிறகு.

உலக அளவில் வலியை ஆராய்கிற சங்கம் 1979-இல் ஒரு வரையறை கொடுத்தது, 2020-இல் கொஞ்சம் திருத்தியது. இரண்டிலுமே வலி என்பது புலன் சார்ந்ததும் உணர்ச்சி சார்ந்ததுமான, பிடிக்காத ஓர் அனுபவம் என்றுதான் இருக்கிறது. "உணர்ச்சி" என்கிற சொல் வரையறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். முதலில் உடம்பு வலிக்கும், பிறகு மனசு வருத்தப்படும் என்று நாம் இரண்டாகப் பிரித்துப் பேசுகிறோம், ஆனால் அந்த வருத்தம் வலிக்குள்ளேயே ஒரு பாதி.

இருட்டில் நிலைப்படியில் கால் விரலை இடித்துக்கொண்டால் இரண்டு தடவை வலிப்பது ஏன்?

நல்ல கேள்வி, நான் வாரம் ஒரு முறை சோதித்துப் பார்க்கிற விஷயம். வலிச் சேதியைக் கொண்டுபோக இரண்டு வகை நரம்பு நார்கள் உண்டு. ஏ-டெல்டா நார்களுக்கு மேலே உறை இருக்கிறது, விநாடிக்கு 5 மீட்டருக்கு மேல், சில 30 மீட்டர் வரைகூடப் பாயும். அதுதான் முதலில் வரும் அந்த "சுரீர்". சி நார்கள் மெல்லியவை, உறை கிடையாது, விநாடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர். கால் விரலிலிருந்து தண்டுவடம் வரைக்கும் போய்ச் சேரவே ஒரு விநாடி ஆகிவிடும். இடித்த உடனே "ஐயோ, இப்போ வரப்போகுது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போமே, அந்த இடைவெளி இதுதான். பிறகு "விண் விண்" என்று தெறிக்கிற, சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடவைக்கிற இரண்டாவது வலி வரும். எங்கே இடித்தது என்று துல்லியமாகச் சொல்வது முதல் வலி, மனசைப் போட்டு வாட்டுவது இரண்டாவது.

அப்படியானால் மூளையில் வலிக்கு ஓர் இடம் இருக்குமே, அது எங்கே?

இல்லை. இதைத்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். பார்வைக்குப் பின் மண்டையில் ஓர் இடம் இருப்பதுபோல வலிக்கு என்று தனி மையம் கிடையாது. மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர் 1930-களில் விழித்திருக்கும் நோயாளிகளின் மூளைப் புறணியை, அதாவது மூளையின் மேலடுக்கை, மின்சாரத்தால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கை கூசியது, கால் துடித்தது என்றார்கள். ஆனால் வலித்தது என்று சொன்னவர்கள் மிகமிகக் குறைவு.

இன்று ஸ்கேனில் பார்த்தால் ஒரே நேரத்தில் பல இடங்கள் வேலை செய்கின்றன. எங்கே, எவ்வளவு என்று கணக்குப் போடுகிற உடலுணர்வுப் புறணி, சேதிகளைப் பிரித்து அனுப்புகிற தாலமஸ், மூளையின் பக்க மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இன்சுலா, நடுக்கோட்டை ஒட்டி உள்பக்கமாக வளைந்து கிடக்கும் முன் சிங்குலேட், பயத்துக்குப் பேர்போன அமிக்டலா, முடிவெடுக்கிற நெற்றிப் பகுதி. மெல்சாக், கேசி என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள் 1968-லேயே இதைச் சொல்லிவிட்டார்கள்: வலியில் ஓர் இழை "எங்கே, எவ்வளவு", இன்னோர் இழை "தாங்க முடியலை, நிறுத்து", மூன்றாவது இழை "இது என்ன, ஆபத்தா" என்கிற யோசனை. தொழில்நுட்பம் வந்து அதைக் காட்டுவதற்கு இன்னும் முப்பது வருடம் ஆனது.

காட்டியது பியேர் ரென்வீல் குழு, அதுவும் மான்ட்ரியலில்தான், 1997-இல். கையைச் சுடுநீரில் வைக்கச் சொல்லி, மனவசியத்தின் மூலம் "இது அவ்வளவு தொந்தரவாக இல்லை" என்றோ "இது ரொம்பத் தொந்தரவு" என்றோ உள்ளே ஏற்றினார்கள். தண்ணீரின் சூடு மாறவில்லை. எவ்வளவு சுடுகிறது என்று கேட்டால் அந்தப் பதிலும் பெரிதாக மாறவில்லை. ஆனால் எவ்வளவு பிடிக்கவில்லை என்ற பதில் மாறியது, அதோடு சேர்ந்து முன் சிங்குலேட்டின் வேலையும் ஏறி இறங்கியது. உடலுணர்வுப் புறணி தன்பாட்டுக்கு இருந்தது.

அதெப்படி, வலி தெரியும் ஆனால் தொந்தரவாக இருக்காது என்றால் நம்ப முடியவில்லையே?

1928-இல் வியன்னாவில் ஷில்டர், ஸ்டெங்கல் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். மூளையில் பாதிப்பு ஏற்பட்டவர். ஊசியால் குத்தினால் குத்துவது தெரியும், வலி என்றும் சொல்வார், ஆனால் கையை இழுத்துக்கொள்ள மாட்டார், முகம் சுளிக்க மாட்டார். இப்படிப்பட்ட நோயாளிகள் சிலர் குத்தும்போது சிரிக்கவும் செய்வார்களாம். பின்னாளில் பார்த்தபோது இவர்களில் பலருக்கு இன்சுலா பகுதியில் சேதம் இருந்தது. நெற்றிப் பகுதியின் இணைப்புகளை வெட்டுகிற அந்தப் பழைய, கொடுமையான லோபோட்டமி சிகிச்சைக்குப் பிறகும் நோயாளிகள் இதையேதான் சொன்னார்கள்: வலி இருக்கிறது, ஆனால் எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அறுவைக்குப் பிறகு மார்ஃபின் போட்டுக்கொண்ட சொந்தக்காரர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட இதே வாக்கியம் வரும்.

2019-இல் ஸ்டான்ஃபோர்டில் எலிகளின் அமிக்டலாவில் வலிக்கு மட்டும் துடிக்கிற ஒரு கூட்டம் நரம்பணுக்களைக் கண்டுபிடித்து, அதை மட்டும் அடக்கி வைத்தார்கள். சூடு பட்டால் எலி காலை வெடுக்கென்று இழுத்தது, அந்த அனிச்சைச் செயலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பாதத்தை நக்கிக்கொள்வதும், அங்கிருந்து தப்பி ஓடப் பார்ப்பதும் குறைந்துவிட்டது. சேதி வந்தது, துன்பம் வரவில்லை.

வலியே தெரியாமல் பிறந்தால் எவ்வளவு நிம்மதி?

பாகிஸ்தானின் வடக்கே ஒரு சிறுவன் தெருவில் வித்தை காட்டிக்கொண்டிருந்தான். கையில் கத்தியைச் சொருகிக்கொள்வான், நெருப்புக் கங்கின் மேல் நடப்பான், வலிக்காது. ஆராய்ச்சியாளர்கள் அவனைப் பார்க்க வருவதற்குள், கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான், 14 வயதுகூட ஆகவில்லை. அவன் வகையறாக் குடும்பங்களின் மரபணுக்களை ஆராய்ந்துதான் 2006-இல் எஸ்.சி.என்.9.ஏ என்ற ஒற்றை மரபணுவில் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். வலி நரம்பின் வாசலில் நிற்கும் ஒரு சோடியம் கதவை உண்டாக்குவது அந்த மரபணு. அந்தக் குடும்பக் குழந்தைகளுக்கு உதட்டிலும் நாக்கிலும் தாங்களே கடித்துக்கொண்ட காயங்கள் இருந்தன. நிம்மதியா இது?

இதோடு சேர்த்து இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணிக்குக் கையில் பெரிய அறுவை, முடிந்ததும் வலி மருந்தே வேண்டாம் என்றார். விசாரித்தால், பிரசவமும் அப்படித்தானாம், அடுப்பில் கை சுட்டால் சதை கருகும் வாடை வந்த பிறகுதான் தெரியுமாம். 2019-இல் வெளியான ஆய்வில், உடம்பு தானே தயாரிக்கிற ஆனந்தமைடு என்ற பொருள் அவர் உடலில் சிதையாமல் கூடுதலாக இருப்பது தெரிந்தது. பெயரில் இருப்பது நம் "ஆனந்தம்"தான், 1992-இல் கண்டுபிடித்தபோது சமஸ்கிருதத்திலிருந்து எடுத்து வைத்த பெயர். விஷயம் என்னவென்றால், அவருக்குப் பயமும் பதற்றமும்கூட மிகக் குறைவு. வலி, கவலை இரண்டையும் ஒரே பொருள் அடக்குகிறது. ஆங்காங்கே மறதியும் உண்டு என்பது கொசுறு.

அடிபட்ட நேரத்தில் வலி தெரியாமல், வீட்டுக்கு வந்த பிறகு வலிப்பது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் இத்தாலியப் போர்முனையில் இருந்தார். படுகாயத்தோடு வந்த சிப்பாய்களிடம் வலி மருந்து வேண்டுமா என்று கேட்டால், நாலில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். சுயநினைவோடு, தெளிவாகப் பேசுகிறவர்கள்தான். ஊருக்குத் திரும்பிய பிறகு இதைவிடச் சின்ன அறுவைக்கு ஆட்கள் துடிப்பதைப் பார்த்திருக்கிறார். அவருடைய விளக்கம் எளிமையானது: சிப்பாய்க்கு அந்தக் காயம் உயிரோடு வீட்டுக்குப் போகிற டிக்கெட், இங்கே இருப்பவருக்கு அது இடி விழுந்த மாதிரி.

விளக்கம் முழுக்கச் சரியா என்று சண்டை போடலாம், ஆனால் மூளை மேலிருந்து கீழே வலியைக் குறைக்க முடியும் என்பது பிறகு கையில் பிடித்துக் காட்டப்பட்டது. 1969-இல் ரேனால்ட்ஸ் என்பவர் எலியின் நடுமூளையில் நீர்க்குழாயைச் சுற்றியுள்ள சாம்பல் நிறப் பகுதியை மின்சாரத்தால் தூண்டிவிட்டு, மயக்க மருந்தே இல்லாமல் வயிற்றில் அறுவை செய்தார், எலி அசையவில்லை. அங்கிருந்து கிளம்பும் நரம்புகள் தண்டுவடம் வரை இறங்கி வந்து, வருகிற சேதியை வாசலிலேயே மடக்குகின்றன. 1975-இல் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பன்றி மூளையிலிருந்து என்கெஃபலினைப் பிரித்தெடுத்தார்கள். அபின் வேலை செய்கிற அதே பூட்டுக்கு உடம்பே வைத்திருக்கும் சாவி.

இடித்த இடத்தைத் தேய்த்தால் குறைகிறதே, அது சும்மா மனத் திருப்தியா?

இல்லை, அசல் நரம்பு வேலை. அதே மெல்சாக்கும் பேட்ரிக் வால் என்பவரும் 1965-இல் சொன்ன "கதவு" கொள்கை. தொடுகையைக் கொண்டுவரும் பருமனான நார்கள் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும், வலிச் சேதிக்கான கதவைக் கொஞ்சம் சாத்துகின்றன. அவர்கள் வரைந்த நுணுக்கமான வயரிங் எல்லாம் அப்படியே நிற்கவில்லை, ஆனால் கதவு உண்டு என்பது நின்றது. பாட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்ததற்கு இதுதான் காரணம், தைலம் பாதி, கை பாதி.

அதேபோல வாய்விட்டுத் திட்டுவதும் உதவும். பிரிட்டனில் கீல் பல்கலைக்கழகத்தில் 2009-இல் பனிக்குளிர் தண்ணீருக்குள் கையை வைக்கச் சொல்லி, கெட்ட வார்த்தை சொன்னவர்களும் சாதாரண வார்த்தை சொன்னவர்களும் எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். கெட்ட வார்த்தைதான் ஜெயித்தது. நிலைப்படிக்கு அருகில் குழந்தைகள் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மருந்தே இல்லாத மாத்திரை கொடுத்தாலும் வலி குறைகிறதாமே, அப்போ அந்த வலி பொய்தானே?

நேர்மாறு. 1978-இல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் பல் பிடுங்கியவர்களுக்குச் சும்மா ஓர் ஊசி போட்டார்கள், சிலருக்கு வலி குறைந்தது. பிறகு நலோக்சோன் கொடுத்தார்கள், அது அபின் வகை மருந்துகளின் வேலையைக் கெடுக்கிற மருந்து. குறைந்தவர்களுக்கு வலி திரும்ப ஏறியது. அதாவது "மருந்து வந்துவிட்டது" என்ற நம்பிக்கை, உடம்பின் சொந்த மருந்தைத் திறந்துவிட்டிருக்கிறது. கற்பனை அல்ல, ரசாயனம்.

இதைவிட எனக்குத் தூக்கிவாரிப்போட்டது 2011-இல் உல்ரிக்கே பிங்கல், ஐரீன் ட்ரேசி குழு ஆக்ஸ்போர்டில் செய்தது. 22 பேர், காலில் சூடு வைக்கிறார்கள், ரெமிஃபென்டனில் என்ற வீரியமான வலி மருந்து ரத்தக்குழாயில் ஏறிக்கொண்டிருக்கிறது. சொல்லாமல் ஏற்றியபோது வலி கொஞ்சம் குறைந்தது. "இப்போது ஏற்றுகிறோம்" என்று சொன்னதும் பலன் இரண்டு மடங்கு. "மருந்தை நிறுத்திவிட்டோம், இனி வலி கூடலாம்" என்று சொன்னதும் பலன் காணாமல் போய்விட்டது, மருந்தோ அதே அளவில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "இது கொஞ்சம் வலிக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஊசி போடுகிறவர்களுக்கு இதைப் பிரின்ட் எடுத்துக் கொடுக்கலாம்.

"மனசு வலிக்குது" என்கிறோமே, அதுவும் இதுவும் மூளைக்கு ஒன்றுதானா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இணையத்தில் இதைப் பற்றி அளவுக்கு மீறிப் பரவிக் கிடக்கிறது. "காதல் தோல்வியும் கால் முறிவும் மூளைக்கு ஒன்றே, அறிவியல் நிரூபணம்!" என்று என் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே மூன்று தடவை வந்துவிட்டது.

தொடக்கம் 2003-இல். நவோமி ஐசன்பெர்கர் குழு, லாஸ் ஏஞ்சலிஸில், ஸ்கேனுக்குள் படுத்திருப்பவருக்கு ஒரு பந்து விளையாட்டைத் திரையில் காட்டியது. மூன்று பேர் பந்தை மாற்றி மாற்றி எறிவார்கள். கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் இவரைச் சேர்க்காமல் தங்களுக்குள்ளேயே எறிந்துகொள்வார்கள். மற்ற இருவர் என்று யாருமே இல்லை, கம்ப்யூட்டர்தான். அற்ப விளையாட்டு, ஆனாலும் ஒதுக்கப்பட்ட மனக்கஷ்டம் வந்தது, வலியின்போது வேலை செய்கிற அதே முன் சிங்குலேட்டும் விழித்துக்கொண்டது. 2011-இல் ஈதன் கிராஸ் குழு இன்னும் ஒரு படி போனது: ஆறு மாதத்துக்குள் காதல் முறிந்த 40 பேரிடம் பிரிந்து போனவரின் போட்டோவைக் காட்டி, இன்னொரு சமயம் முன்கையில் சூடு வைத்தும் பார்த்தார்கள். இரண்டிலும் இன்சுலா உட்பட சில இடங்கள் பொதுவாக இருந்தன. நடுவில் 2010-இல் மூன்று வாரம் தினமும் பாரசிட்டமால் சாப்பிட்ட மாணவர்களுக்கு மனம் புண்படுவது கொஞ்சம் குறைந்ததாக ஓர் ஆய்வு. (இதைப் படித்துவிட்டு யாரும் மெடிக்கல் ஷாப்புக்கு ஓட வேண்டாம், கல்லீரல் பாவம்.)

சரி, அப்போது ஒன்றுதானா? ஸ்கேனில் தெரியும் ஒரு புள்ளிக்குள் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் விளக்கு எரிகிறது என்றால் எந்த வீட்டில் எரிகிறது என்று தூரத்திலிருந்து தெரியாது. 2014-இல் வூ, வேகர் குழு அதே மாதிரித் தரவை எடுத்து, எந்த இடம் எரிகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு எந்தக் கோலத்தில் எரிகிறது என்று பார்த்தது. சூட்டின் கோலம் வேறு, போட்டோவின் கோலம் வேறு, குழப்பமில்லாமல் பிரித்துச் சொல்ல முடிந்தது. குடியிருப்பு ஒன்று, வீடு வேறு.

அதற்கும் மேலே 2016-இல் வந்தது. பிறவியிலேயே வலி தெரியாத இருவரை ஸ்கேனில் படுக்கவைத்துக் கூர்மையாக அழுத்தினார்கள். "வலி வலையமைப்பு" என்று பாடப்புத்தகம் சொல்கிற இடங்கள் எல்லாம் நம்மைப் போலவே விழித்தன, அவர்களுக்கோ வலியே இல்லை! அப்படியென்றால் அந்த இடங்களின் வேலை பெரும்பாலும் "கவனி, முக்கியமான ஒன்று நடக்கிறது" என்று மணியடிப்பதுதான். மணி கையில் சூடு பட்டாலும் அடிக்கும், கூட்டத்தில் ஒதுக்கினாலும் அடிக்கும்.

என் கட்சி இதுதான்: இரண்டும் ஒன்றல்ல, பங்காளிகள். தமிழ் இதைச் சரியாகவே வைத்திருக்கிறது. புண்ணும் "புண்படுத்தாதே"யும் ஒரே சொல்லில் இருக்கின்றன, வயிற்றெரிச்சலுக்கு ஜெலுசில் கேட்பதா பக்கத்து வீட்டுக் காரைப் பார்ப்பதா என்று நமக்குக் குழப்பமும் வருவதில்லை.

பிள்ளைக்கு ஊசி போடும்போது நமக்கும் சுருக்கென்கிறதே?

டானியா சிங்கர், லண்டன், 2004. 16 ஜோடிகள். பெண் ஸ்கேனுக்குள், ஆண் பக்கத்தில், இருவர் கையிலும் மின்கம்பி. தனக்கு ஷாக் வந்தாலும் அவருக்கு வந்தாலும் முன்பக்க இன்சுலாவும் முன் சிங்குலேட்டும் விழித்தன. எங்கே, எவ்வளவு என்று கணக்குப் போடுகிற பகுதி தனக்கு வந்தபோது மட்டும். துன்பத்தை வாங்கிக்கொள்கிறோம், குத்தலை இல்லை.

கையைப் பிடித்துக்கொள்வதிலும் சத்து இருக்கிறது. 2006-இல் வர்ஜீனியாவில் ஷாக் வரப்போகிறது என்று காத்திருந்த 16 பெண்களில், கணவர் கையைப் பிடித்துக்கொண்டபோது மூளையின் மிரட்சி குறைந்தது, முன்பின் தெரியாதவர் பிடித்தபோது குறைந்தது கொஞ்சம்தான். கல்யாண உறவு நன்றாக இருந்தவர்களுக்கு இன்னும் கூடுதல் பலன். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இல்லாத கை எப்படி வலிக்கும்?

இங்கே நம்ம ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். விளையனூர் எஸ். ராமச்சந்திரன், 1951-இல் தமிழ்நாட்டில் பிறந்தவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, கேம்பிரிட்ஜ் வழியாக அமெரிக்காவின் சான் டியாகோ போனவர். கை வெட்டப்பட்ட சிலருக்கு அந்த இல்லாத கை இறுக்கமாக முஷ்டி மடக்கியிருப்பதுபோலவும், நகம் உள்ளங்கையில் பதிவதுபோலவும் தாங்காத வலி. விரலை விரித்துவிடலாம் என்றால் விரல் இல்லையே. 1990-களில் அவர் ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையை ஒரு பக்கம் வைத்து, கண்ணாடியில் அதன் பிம்பத்தைப் பார்க்கச் சொன்னார். இல்லாத கை இருப்பதாகக் கண்ணுக்குத் தெரிகிறது. இருக்கிற கையை விரித்தால் அதுவும் விரிகிறது, சிலருக்கு அந்த இறுக்கம் அங்கேயே தளர்ந்தது. செலவு ஒரு கண்ணாடி, ஓர் அட்டைப் பெட்டி. 2007-இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் கால் இழந்தவர்களிடம் செய்த சோதனையிலும் நாலு வாரத்தில் பலன் தெரிந்தது, ஆனால் அது மிகச் சின்னக் குழு, எல்லாருக்கும் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது.

ஏன் வலிக்கிறது என்பதில்தான் இப்போது சண்டை. மூளையில் கைக்குரிய இடத்தை முகத்துக்குரிய பகுதி ஆக்கிரமித்துக்கொள்கிறது, அதனால் வரும் குழப்பம் என்பது ரொம்ப நாள் விளக்கம். 2025-இல் மேகின், பேக்கர் குழு மூன்று பேரைக் கை அகற்றுவதற்கு முன்பும் பின்பும் ஸ்கேன் செய்து பார்த்தது. கையின் வரைபடம் மூளையில் அப்படியே இருந்தது. ஆக்கிரமிப்பு நடக்கவே இல்லை. பாடப்புத்தகத்தில் அந்த அத்தியாயத்தைத் திருத்த வேண்டியிருக்கும்.

காயம் ஆறி வருடக்கணக்கான பிறகும் வலிப்பவர்களை "எல்லாம் மனப்பிரமை" என்கிறார்களே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். எனக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததும் ரிப்போர்ட்டில் "டிஸ்க் பல்ஜ்" என்று வந்தது, அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டு பிதுங்கியிருக்கிறது என்று. படித்த நிமிடத்திலிருந்து வலி கூடியது, பொய் சொல்லவில்லை, குனிந்து செருப்பு மாட்டவே பயம். அப்புறம்தான் 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வைப் படித்தேன்: வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் 20 வயதில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பல்ஜ் இருக்கிறது. நரைமுடி மாதிரி. அதற்காக ஸ்கேன் வீண் என்றில்லை, கால் மரத்துப் போவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது எல்லாம் வந்தால் உடனே பார்த்தே ஆக வேண்டும்.

நாள்பட்ட வலியில் இரண்டு விஷயம் நடக்கின்றன. ஒன்று, தண்டுவடத்திலேயே ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டிவைத்த மாதிரி ஆகிவிடுகிறது. கிளிஃபோர்டு வுல்ஃப் 1983-இல் காட்டியது இது. லேசான தொடுகைகூட வலியாகக் கேட்கும். இன்னொன்று மூளையில். சிகாகோவில் ஆப்கேரியன் குழு, புதிதாக முதுகுவலி வந்தவர்களை ஒரு வருடம் தொடர்ந்து ஸ்கேன் செய்தது. யாருக்கு வலி ஒட்டிக்கொள்ளும் என்பதை, ஆசையும் ஊக்கமும் சம்பந்தப்பட்ட ஒரு சிறு பகுதிக்கும் நெற்றிப் பகுதிக்கும் இடையிலான பிணைப்பை வைத்து ஆரம்பத்திலேயே ஓரளவு கணிக்க முடிந்தது, அது 2012. அடுத்த வருடம் இன்னொன்று: வலி ஒட்டிக்கொண்டவர்களிடம், நாள் ஆக ஆக, அதன் வேலை வழக்கமான வலிப் பகுதிகளை விட்டு உணர்ச்சிப் பகுதிகளுக்கு இடம் மாறியிருந்தது. வாடகைக்கு வந்தவர் வேறு அறைக்குப் போய்க் கட்டில் போட்ட மாதிரி.

இதை "அப்போ மனசுதானே" என்று சுருக்குபவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். உணர்ச்சிப் பகுதியும் நரம்புதான், அங்கே நடப்பதும் உடம்பில் நடப்பதுதான். ஆனால் இதில் நல்ல சேதியும் உண்டு, பழகியதை மாற்றிப் பழக்கலாம். அமெரிக்காவின் போல்டரில் முதுகுவலிக்காரர்கள் 151 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நாலு வாரம் "இந்த வலி ஆபத்தின் அறிகுறி அல்ல" என்று மூளைக்குப் பழக்குகிற பேச்சுச் சிகிச்சை கொடுத்தார்கள். முடிவில் அந்தப் பிரிவில் 66 சதவீதம் பேருக்கு வலி இல்லை அல்லது இல்லாத மாதிரி. சும்மா ஊசி போட்டவர்களில் 20, வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தவர்களில் 10. மிதமான வலிக்காரர்களிடம் செய்தது என்பதை மறக்க வேண்டாம். எனக்கு அந்தச் சிகிச்சை கிடைக்கவில்லை, நானே பயத்தை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து பழகினேன், முதலில் செருப்பு, பிறகு தண்ணீர்க் குடம். பாதி குடம்.

கைக்குழந்தைக்கு வலி தெரியாது என்பது உண்மையா?

உண்மையில்லை, ஆனால் 1980-கள் வரை மருத்துவமே அப்படித்தான் நினைத்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு உடம்பை அசையாமல் வைக்கும் மருந்தும் பெயருக்குக் கொஞ்சம் வாயுவும் கொடுத்து இதய அறுவை செய்த காலம் அது. இந்தியாவில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்போர்டு போன கன்வல்ஜீத் ஆனந்த், 1987-இல் ஃபென்டனிலும் சேர்த்துக் கொடுத்த குழந்தைகளுக்கு உடல் அதிர்ச்சியும் சிக்கல்களும் குறைவு என்று காட்டினார். 2015-இல் அதே ஆக்ஸ்போர்டில் பிறந்து சில நாளே ஆன குழந்தைகளைத் தூங்கும்போது ஸ்கேனில் வைத்து, பாதத்தில் லேசாகக் குத்திப் பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வேலை செய்யும் 20 பகுதிகளில் 18 வேலை செய்தன.

மிளகாய்க் காரம் சுவையா வலியா?

வலிதான். மிளகாயின் கேப்சைசின், 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்கிற அதே வாசலைத் திறக்கிறது. 1997-இல் இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல், ஆர்டெம் பட்டபூட்டியனோடு சேர்த்து. பறவைகளின் வாசலுக்கு மிளகாய் உறைக்காது, அதனால்தான் கிளி பச்சை மிளகாயைக் கடலை மாதிரிக் கொறிக்கிறது.

வலியை அளக்க ஒரு மெஷின் வராதா?

2013-இல் டோர் வேகர் குழு 114 பேரின் ஸ்கேன்களிலிருந்து சூட்டு வலிக்கான ஓர் அடையாளக் கோலத்தை எடுத்தது, வெதுவெதுப்பா வலியா என்று 90 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னது. ஆனால் அது ஆரோக்கியமானவர்களுக்குச் சற்று நேரம் வைத்த சூடு. வருடக்கணக்கான வலிக்கு இது போதாது. 2023-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிரசாத் ஷிர்வால்கர் குழு நாலு பேருக்கு, மூவருக்குப் பக்கவாதத்துக்குப் பின் வந்த வலி, ஒருவருக்கு இல்லாத காலின் வலி, முன் சிங்குலேட்டிலும் கண்குழிக்கு மேலுள்ள புறணியிலும் மின்முனைகளைப் பொருத்தி வீட்டுக்கு அனுப்பியது. மாதக்கணக்கில் அவர்கள் தினமும் பல தடவை ஒரு பட்டனை அழுத்தி மூளையின் அலையைப் பதிவு செய்து, கூடவே இப்போது வலி எவ்வளவு என்றும் குறித்தார்கள். நாள்பட்ட வலியைக் கணிப்பதில் முன்னால் நின்றது சிங்குலேட் இல்லை, அந்தக் கண்குழிப் புறணி. அந்தக் கணிப்புக்குப் பாடம் நடத்தியது அவர்களே குறித்துக் கொடுத்த எண்கள்.

போன வாரம் என் டாக்டரும் அதைத்தான் கேட்டார், பத்துக்கு எத்தனை என்று. காலையில் ஆறு, இப்போ நாலு என்றேன். நாலு என்று எழுதிக்கொண்டார்.